ஆர்கோனாட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: இந்தக் கிண்ணம் வாங்கில் இருந்தவர்களுடையது

ஸ்காபரோ, டிசம்பர் 2024

ரொறன்ரோ ஆர்கோனாட்ஸ் அணியின் நிர்வாகத்தினருக்கும், அதன் உரிமையாளர்களான எம்.எல்.எஸ்.இ. நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். முதலில் வாழ்த்துச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 17ஆம் திகதி வன்கூவரில் வினிப்பெக் புளூ பொம்பர்ஸை 41–24 என்று வென்று, கனடிய ஃபுட்போல் லீக்கின் கிரே கிண்ணத்தை 19ஆவது தடவையாக ஊருக்குக் கொண்டுவந்தீர்கள். நாட்டில் வேறெந்த அணிக்கும் இத்தனை கிரே கிண்ணம் இல்லை. மனம் நிறைந்த வாழ்த்துகள்.

வாழ்த்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வெற்றி கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த சீசனைப் பற்றிய பேச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது. அணியின் நட்சத்திரம் சாட் கெலியின் கால் எப்போது ஆறும், அடுத்த ஜூனில் அவர் இறங்குவாரா என்பதுதான் எங்கு போனாலும் கேள்வி. ஏதோ வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டார் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்ட மாதிரி, மாற்று ஆட்டக்காரர் நிக் ஆர்பக்கிள் கொஞ்ச நேரம் சமாளித்தார், இனி எல்லாம் பழையபடி நடக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2024ஆம் ஆண்டை வென்றவர்கள் வாங்கில், அதாவது மாற்று ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சில், இருந்தவர்கள். நீங்கள் அடுத்த வருடத்துக்குக் கணக்குப் போடும்போது அந்த ஒன்றை மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவதால் என் ஆட்களும் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ராப்டர்ஸ் கூடைப்பந்து தெரியும், கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. அவர்களுக்காக ஒரு நிமிடம். இது உதைபந்தாட்டம் இல்லை, ரீவியில் வரும் அமெரிக்க ஃபுட்போலும் இல்லை. மைதானம் 110 யார் நீளம், ஒரு பக்கத்துக்கு 12 பேர். பத்து யார் முன்னேறுவதற்கு அமெரிக்கர்களுக்கு நான்கு வாய்ப்பு, இங்கே மூன்றுதான். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். ஆகவே உண்மையில் கையில் இருப்பது இரண்டு வாய்ப்பு. அந்த இரண்டிலும் யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பக். ஒன்பது அணி, ஆளுக்கு 18 ஆட்டம், கடைசியில் கிரே கிண்ணம். குவாட்டர்பக் சறுக்கினால் அணி சறுக்கும். அதனால்தான் எல்லா அணியும் தங்கள் காசில் பெரிய பங்கை அந்த ஒருவர் மேல் கொட்டுகின்றன. நீங்களும் 2023 கோடையில் கெலியுடன் மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, அவரை லீக்கிலேயே அதிக சம்பளம் வாங்குபவர் ஆக்கினீர்கள்.

அந்த 2023இலிருந்துதான் தொடங்க வேண்டும். 18 ஆட்டத்தில் 16 வெற்றி. 1989இல் எட்மன்டன் வைத்த சாதனையைச் சமன் செய்தீர்கள். கெலி ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். அப்படியொரு வருடத்தில் கிழக்குப் பிரிவின் இறுதி ஆட்டம் நம் சொந்த மைதானமான பி.எம்.ஓ. ஃபீல்டில், நவம்பர் 11ஆம் திகதி. வழமையாகப் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும் இடம் அன்று நிரம்பி வழிந்தது. அன்றைக்கென்று கெலியின் நான்கு எறிதல்களை மொன்றியல் பறித்தது. அதில் ஒன்றை மார்க்-அன்ருவான் டெக்குவா தன் எல்லையிலிருந்து 101 யார் ஓடி எதிர் எல்லைக்குள் கொண்டுபோய்ப் போட்டார், அதுதான் ரச்டவுன். 38–17 என்று தோற்றோம். முதல் தடவையாக இந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பலர் அன்று இருந்தார்கள். அவர்கள் எழுந்து வாசலை நோக்கி நடந்ததைப் பார்த்த எனக்கு, தோல்வியைவிட அதுதான் வலித்தது. மொன்றியல் அடுத்த வாரம் ஹமில்டனில் கிண்ணத்தையே வென்றுவிட்டது, அது வேறு.

அந்த ஆட்டத்தில் ஒரு கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. நட்சத்திரத்தின் கை அன்று வசப்படவில்லை என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த பிறகும், ஏன் அவரையே நம்பிக்கொண்டிருந்தோம்? சீசன் முழுக்க வென்று தந்தவரை வெளியே எடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது, சரி. ஆனால் ஒரு வருடம் கழித்து விதி அதே முடிவை உங்கள் கையிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

குளிர்காலத்தில் ஆட்கள் கலைந்தார்கள். ஏ.ஜே. உவெலெற் சஸ்கச்சுவனுக்கு, அடாரியஸ் பிக்கெற் ஒட்டாவாவுக்கு, ஜமால் பீற்றர்ஸ் ஹமில்டனுக்கு, பந்தைத் திருப்பி ஓடும் ஜவோன் லீக் எட்மன்டனுக்கு. நன்றாக ஆடிய அணியை மற்ற எட்டு அணிகளும் வந்து கொத்திக்கொண்டு போவது இந்த லீக்கில் வழமைதான். பதிலுக்கு நீங்கள் கூட்டி வந்தவர்களில் கடீம் கேரி ஆயிரம் யாருக்கு மேல் ஓடினார். வினிப்பெக் விட்ட ஜனாரியன் கிராண்டும் வந்தார். ஆள் பிடிப்பதில் உங்களுக்கு நல்ல கண். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மே மாதம் வந்தது வேறு செய்தி. கழகத்தில் முன்பு வேலை செய்த ஒரு பெண் பயிற்சியாளர், கெலியின் மீதும் கழகத்தின் மீதும் வழக்குப் போட்டிருந்தார். லீக் விசாரித்தது. பாலின வன்முறை தொடர்பான தன் கொள்கையை கெலி மீறினார் என்று முடிவு செய்து, முன்னோட்ட ஆட்டங்கள் இரண்டோடு குறைந்தது ஒன்பது ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. மதிப்பீட்டுக்கும் ஆலோசனைக்கும் போக வேண்டும் என்றும் சொன்னது.

இதைப் பற்றி நீளமாக எழுத நான் ஆளில்லை. வழக்கறிஞர்கள் நடுவில் இருக்கும்போது கழகம் அளந்து அளந்துதான் பேசும் என்பதும் புரிகிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்த பிறகு, 'எங்கள் இடத்தில் வேலை செய்ய வரும் பெண்கள் இனி பாதுகாப்பாக இருப்பார்கள், அதற்கு நாங்கள் இன்னது செய்திருக்கிறோம்' என்று நேராக, எங்களைப் பார்த்து, நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளில் விளையாட்டு மருத்துவம், உடற்பயிற்சித் துறை என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். நாளை அவர்கள் உங்கள் கழகத்துக்கு வேலை கேட்டு வரலாம். கிண்ணம் வென்ற படத்தொகுப்பில் இந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டு, மே மாதத்திலிருந்து நேரே நவம்பருக்குத் தாவிவிடாதீர்கள். கெலி தன் தண்டனையை அனுபவித்துவிட்டுத் திரும்பினார், ஆடினார், அது அவருடைய பங்கு. உங்களுடைய பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தத் தடையால்தான் வாங்கில் இருந்தவர்களின் கோடை தொடங்கியது. கமரன் டியூக்ஸ் என்ற பிள்ளையை அதற்கு முன் ரொறன்ரோவில் எத்தனை பேருக்குத் தெரியும்? கென்டக்கியில் லிண்ட்சி வில்சன் என்றொரு சின்னக் கல்லூரி, பெரிய அணிகளின் ஆள்பிடிகாரர்கள் எட்டிப் பார்க்காத இடம். அங்கிருந்து வந்து கெலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தவர். ஜூன் 9ஆம் திகதி முதல் ஆட்டத்தில் அவர்தான் இறங்கினார். பி.சி. லயன்ஸை 35–27 என்று வென்றோம். அதன் பிறகு எல்லாம் பூப்பாதையாக இருக்கவில்லை. எறிதல்கள் தவறின, தோல்விகள் வந்தன. பக்கத்து இருக்கைக்காரர்கள் கெலி வரட்டும் கெலி வரட்டும் என்று நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கெலி கோடை முடியும் தறுவாயில் திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தது உடைந்த சீசன் இல்லை. கரை சேரக்கூடிய தூரத்தில் இருந்த அணி. அதை டியூக்ஸ் பிடித்து வைத்திருந்தார். கடைசியில் 10 வெற்றி, 8 தோல்வி, கிழக்கில் இரண்டாமிடம் என்று முடிந்த கணக்கில் அந்தக் கோடை வெற்றிகளைக் கழித்துப் பாருங்கள், பிளேஓஃப் என்ற கிண்ணத்துக்கான கடைசிச் சுற்று எங்கே இருந்திருக்கும்?

பிளேஓஃப் முதல் ஆட்டத்தில் ஒட்டாவாவை 58–38 என்று அடித்து நொறுக்கினோம். நவம்பர் குளிரில் 58 புள்ளி! அது கெலி நன்றாக ஆடிய நாள், அவருடைய திறமையை மறுக்க யாராலும் முடியாது. பிறகு மொன்றியல் போனோம். முந்தைய வருடம் நம்மை நம் வீட்டிலேயே அவமானப்படுத்திய அதே அலுவெற்ஸ், நடப்புச் சம்பியன், அந்த சீசனில் 12 வெற்றியோடு லீக்கின் உச்சியில் இருந்த அணி. மூன்றாம் கால் பகுதியில் கெலி பந்தோடு ஓடி விழுந்தார், எழும்பவில்லை. கீழ்க்கால் எலும்புகள் முறிந்திருந்தன. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் ரீவி முன்னால் இருந்த எங்களில் எத்தனை பேர் வருடம் முடிந்தது என்று ரிமோட்டைத் தேடினோமோ தெரியாது. ஆர்பக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். 30–28 என்று வென்றோம்.

ஆர்பக்கிளின் வழித்தடத்தை ஒருமுறை உங்கள் கோப்புகளில் எடுத்துப் பாருங்கள். ஜோர்ஜியா ஸ்டேட் கல்லூரி முடித்து கல்கரியில் தொடங்கினார். 2019இல் போ லீவை மிச்செல் காயப்பட்டபோது அவர் இடத்தில் ஆடி, இவர் பெரிய ஆளாக வருவார் என்று பேச வைத்தார். அடுத்த வருடம் ஒட்டாவாவோடு ஒப்பந்தம் போட்டார். கோவிட் வந்து லீக்கே நடக்கவில்லை. 2021இல் ரொறன்ரோவுக்கு வந்தார். அந்த சீசனின் நடுவிலேயே எட்மன்டனுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஆமாம், நீங்களேதான். எட்மன்டன் 2022இல் ஒட்டாவாவுக்குத் தள்ளியது. கடைசியில் 2024இல், மூன்றாவது ஆளாக, பேருக்கு ஒருவராக, திரும்ப உங்களிடமே வந்து சேர்ந்தார். இத்தனை ஊர் மாறிய பிறகு வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அவர் வாங்கில் இருந்தார், படித்தார், பயிற்சி எடுத்தார். வன்கூவரில் அவர் இறங்கியது, வாழ்நாளில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் பிளேஓஃப் ஆட்டம். அதுவே கிரே கிண்ண இறுதி ஆட்டம்.

பி.சி. பிளேஸ் அரங்கில் 52 ஆயிரத்துக்கு மேல் சனம். எதிரே வினிப்பெக், தொடர்ந்து ஐந்தாவது தடவையாக இறுதிக்கு வந்த அணி, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் பிராடி ஒலிவேரா அவர்கள் பக்கம். ஆர்பக்கிள் 37 எறிதலில் 26ஐச் சேர்த்தார். 252 யார், இரண்டு ரச்டவுன். இரண்டை எதிராளி பறிக்கவும் விட்டார். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறவிட்ட பிறகு அடுத்த தடவை வந்து நின்ற விதத்தைப் பார்த்தீர்களா? தோளைக் குறுக்கவில்லை. அவர் பதறியிருந்தால் நம் தடுப்பாட்டக்காரர்கள் பிறகு செய்ததெல்லாம் வீணாகியிருக்கும்.

செய்ததும் சின்ன வேலை இல்லை. வினிப்பெக்கின் சாக் கொலரோஸ் எறிகிற கையில் விரல் கிழிந்து வெளியே போனார், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவரிடமிருந்து மொத்தம் நான்கு பந்து பறித்தார்கள். அதில் றொபேட்சன் டானியல் பறித்ததை அப்படியே கொண்டுபோய்ப் போட்டபோதுதான் ஆட்டம் முடிந்தது என்று எனக்குப் பட்டது. கொலரோஸுக்காகக் கொஞ்சம் பாவப்பட்டேன், மறைக்க மாட்டேன். காயப்பட்ட விரலோடு எறிய வந்த மனிதர். ஆனால் கவனித்தீர்களா, அந்த அணி தன் நட்சத்திரத்தைத் திரும்பவும் நம்பியது, நாம் வாங்கில் இருந்தவரை நம்பினோம்.

ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆர்பக்கிளுக்கு. சிறந்த கனடியர் விருது டெஜோன் பிரிசெற்றுக்கு. பிரிசெற் மிசிசாகாப் பிள்ளை. 2020இல் லீக்கின் புதுமுக ஆட்டக்காரர் தேர்வில் இரண்டாவது ஆளாக எடுத்தீர்கள், நட்சத்திரம் என்று யாரும் அவரைப் பேசவில்லை, பொறுமையாக வளர்ந்தார். அவருடைய தம்பி ஓஷே பிரிசெற் நம் ராப்டர்ஸில் ஆடியவர், இந்த ஜூனில் பொஸ்ரன் செல்ரிக்ஸோடு என்.பி.ஏ. சம்பியன். ஒரே வருடத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு சம்பியன் பட்டம். வேறு ஊராக இருந்தால் அந்தத் தாய் தகப்பனைத் தேரில் வைத்து இழுத்திருப்பார்கள். நம் ஊரில் அந்த வாரம் செய்தியே வேறு.

பந்தை உதைப்பவர் லிரிம் ஹைருலாஹு. கொசோவோவில் பிறந்து, போருக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஒன்ராறியோவுக்கு வந்த பிள்ளை. 2017இல் ஒட்டாவாவில் பனி கொட்டக் கொட்ட நடந்த கிரே கிண்ணத்தில், கடைசி நிமிடத்தில் 32 யார் உதைத்து கல்கரியை 27–24 என்று வீழ்த்தி உங்களுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர். அதன் பிறகு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து இந்த வருடமும் உதைத்தார். இப்படி ஒரு ஆள் நம் அணியில் இருக்கிறார் என்று ஸ்காபரோவில் போய்ச் சொன்னால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எந்தத் தகப்பனும் மிச்சக் கதையைக் கேட்க உட்கார்ந்துவிடுவார். சொல்லத்தான் ஆளில்லை.

இனி தலைமைப் பயிற்சியாளர் ரயன் டின்விடிக்கு வருகிறேன். இந்த மடலில் நான் மிகவும் எழுத விரும்பிய பகுதி இது. 2007ஆம் ஆண்டு கிழக்கு இறுதி ஆட்டம் இதே ரொறன்ரோவில் நடந்தது. வினிப்பெக்கின் குவாட்டர்பக் கெவின் கிளென் வென்ற ஆட்டத்திலேயே கையை முறித்துக்கொண்டார். அடுத்த வாரம் கிரே கிண்ணம், அதுவும் இங்கேதான், ரொஜர்ஸ் சென்ரரில். கிளெனுக்குப் பதிலாக வினிப்பெக் இறக்கியது, அதுவரை இந்த லீக்கில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத ஒரு இளைஞனை. மூன்று எறிதல் பறிபோயிற்று. சஸ்கச்சுவனின் ஜேம்ஸ் ஜோன்சன் ஒருவரே மூன்றையும் பறித்து ஆட்டநாயகன் விருதையும் வாங்கிக்கொண்டு போனார். 23–19, தோல்வி. அந்த இளைஞன்தான் டின்விடி.

பதினேழு வருடம் கழித்து அதே நிலை அவர் முன்னால் வந்து நிற்கிறது. கிழக்கு இறுதியில் முதல் ஆள் முறிந்துபோகிறார், ஒரு வாரத்தில் கிரே கிண்ணம், வாங்கிலிருந்து ஒருவரை எழுப்ப வேண்டும். எதிரே வேறு யாரும் இல்லை, அவருடைய பழைய அணியான வினிப்பெக்! அந்த ஒரு வாரத்தில் அவரும் ஆர்பக்கிளும் என்ன பேசிக்கொண்டார்களோ, நமக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நிற்கும் ஒருவனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை இந்த லீக்கில் அவரைவிட அறிந்தவர் இருக்க முடியாது. மைதானத்தில் தெரிந்தது என்னவென்றால், ஆர்பக்கிளை யாரும் கெலியாக ஆடச் சொல்லவில்லை. குறுகிய எறிதல்கள், பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது, அவருக்கு எது வருமோ அதைக் கொடுத்தார்கள்.

அப்புறம் 2022ஐயும் சேர்த்துப் பாருங்கள். றெஜைனாவில் வினிப்பெக்கோடுதான் இறுதி ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் மக்லவுட் பெதெல்-தொம்சனின் கட்டைவிரல் அடிபட்டது. வாங்கிலிருந்து இறங்கியவர் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத சாட் கெலி! 20 யார் ஓடினார், உவெலெற் போய்ப் போட்டார், 24–23. றொபி ஸ்மித் எதிராளியின் உதையைத் தடுத்து அதைக் காப்பாற்றினார். இரண்டு விருதையும் வாங்கியவர் கின்ஷாசாவில் பிறந்து மிசிசாகாவில் வளர்ந்த ஹெனொக் முவம்பா. ஆக, மூன்று வருடத்தில் இரண்டு கிண்ணம், இரண்டிலும் முடித்துக் கொடுத்தவர் வாங்கிலிருந்து எழுந்த குவாட்டர்பக். நடுவில் எல்லாம் கைகூடிய, நட்சத்திரம் முழுசாக ஒளிவிட்ட வருடத்தில் வெறுங்கை. இதைத் தற்செயல் என்று சொல்லித் தள்ளலாம். நான் தள்ள மாட்டேன். டின்விடியும் உங்கள் முகாமையாளர் மைக்கல் 'பின்போல்' கிளெமன்ஸும் வாங்கை நிரப்புவதில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதுதான் என் வாசிப்பு. கிளெமன்ஸே ஐந்தடி ஆறங்குல மனிதர். இந்த உயரத்துக்கு இந்த ஆட்டம் சரிவராது என்று சொன்னவர்களை எல்லாம் தாண்டி வந்தவர். ஒதுக்கப்பட்டவனை அடையாளம் காணும் கண் அவருக்கு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இனி உரிமையாளர்களோடு கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் வீட்டில் பல பிள்ளைகள். ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைக் கண்ணால் காணவில்லை. அதே காலத்தில் ஆர்கோனாட்ஸ் வென்ற கிரே கிண்ணம் ஒன்பது. லீஃப்ஸின் ஓஸ்டன் மத்தியூஸ் ஒருவருக்கு இந்த வருடக் கணக்கு 13.25 மில்லியன் அமெரிக்க டொலர். ஆர்கோனாட்ஸ் அணி முழுவதற்கும் சேர்த்து லீக் அனுமதிக்கும் சம்பள வரம்பு கனடிய டொலரில் ஐந்தரை மில்லியன் சொச்சம். மத்தியூஸைக் குறைக்கச் சொல்லவில்லை, சந்தை அப்படி. ஆனால் வென்று வரும் பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போதாவது முகத்தைப் பார்த்துப் போடலாம்.

கிண்ணம் வென்ற வாரத்தில் ரொறன்ரோ முழுக்க ரெய்லர் ஸ்விஃப்ற் பேச்சு. ஆறு இரவு நிகழ்ச்சி, இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் இரவும் அவர் இங்கே பாடிக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், நாம் கிண்ணம் வென்ற அதே பி.சி. பிளேஸில்தான் டிசம்பர் 8ஆம் திகதி அவருடைய சுற்றுப்பயணமும் முடிந்தது. ஸ்விஃப்றோடு போட்டி போட யாராலும் முடியாது, அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் ஊரைவிட்டுப் போன பிறகும் மௌனமாக இருப்பதுதான் பிரச்சினை. 1873இல் படகோட்டிகள் சேர்ந்து தொடங்கிய அணி. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது. அதைப் பற்றி ஊருக்குச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லையா? இப்போது பெல் நிறுவனம் எம்.எல்.எஸ்.இ.யில் உள்ள தன் பங்கை 4.7 பில்லியன் டொலருக்கு ரொஜர்ஸுக்கு விற்கப்போகிறது என்ற செய்தி வேறு. கைமாறும் நேரத்தில் சின்னப் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. உங்கள் தலைவர் கீத் பெலி ஒரு காலத்தில் இதே ஆர்கோனாட்ஸின் தலைவராக இருந்தவர், 2004 கிண்ணம் அவர் காலத்தில் வந்தது. அவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய செலவு வைக்க மாட்டேன். கிரே கிண்ணத்தின் சிறப்பே அது கண்ணாடிப் பெட்டிக்குள் பதுங்கியிருக்காமல் ஊர் சுற்றுவதுதான். தை மாதம் ஒன்ராறியோவில் தமிழ் மரபுரிமைத் திங்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மண்டபம் மண்டபமாகப் பொங்கல் விழா நடக்கும். ஒரு விழாவுக்குக் கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள். கூடவே ஹைருலாஹுவையோ பிரிசெற்றையோ அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பள்ளியில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள், பெற்றோருக்குத்தான் அது என்ன என்று தெரியாது. பிள்ளைக்கு ஏதாவது முறிந்துவிடும் என்று பயப்படுகிற அம்மாமாருக்கு நேரில் பதில் சொல்ல ஒரு ஆள் வந்தால் போதும். நாங்கள் கூட்டமாக வருகிற சனம். ஒரு வீட்டைப் பிடித்தால் நான்கு வீடு வரும். 2026இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக பி.எம்.ஓ. ஃபீல்டைப் பெரிதாக்குகிறார்கள். அது முடிந்த பிறகு அந்த இருக்கைகளைப் பார்க்கும்போது நீங்களே யோசிக்க வேண்டிவரும்.

கடைசியாக, பெப்ரவரி. சுதந்திர ஆட்டக்காரர்களின் சந்தை திறக்கும்போது உங்கள் மேசையில் கெலியின் எக்ஸ்ரே இருக்கும். அவர் எப்போது திரும்புவார் என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படியான முறிவு. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஆர்பக்கிளோடு பேசாதீர்கள். 'கெலி வரும் வரைக்கும்' என்று அவரிடம் சொல்லாதீர்கள். ஆண்டு முழுக்கப் போட்டி போட்டு இடத்தை வெல்லட்டும், கெலி குணமாகி வந்தால் கெலியும் போட்டி போடட்டும். 2021இல் ஒருமுறை அனுப்பியவரை இரண்டாம் தரம் அனுப்புவதற்கு முன் வன்கூவர் ஆட்டத்தை ஒருதடவை போட்டுப் பாருங்கள். டியூக்ஸுக்கும் ஒரு நல்ல விலை சொல்லுங்கள். கோடையில் அவர் தாங்கியதற்கு இதுவரை யாரும் மேடையில் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த சீசன் ரிக்கெற்றுக்கான கடிதம் வந்துவிட்டது. அட்டையில் எந்தக் குவாட்டர்பக்கின் படத்தைப் போடப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ரசிகர் ஒருவர்